மூக்கில் பஞ்சோடு ஒரு பகல்

என் தொழிலில் எனக்கு முதன்முதலாக மரியாதை கிடைத்தது நான் செத்த பிறகுதான். அதுவும் சும்மா கிடைக்கவில்லை. திரும்பத் திரும்பச் சாக வேண்டியிருந்தது.

பள்ளிபாளையத்தில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவன் நான். தறி ஓடுகிற வீட்டில் யார் பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டும். நான் கத்துவதோடு நிறுத்தாமல் தறியின் தாளத்துக்கு வார்த்தைகளைக் கோர்த்துப் பார்த்தேன். அதற்கு ராப் என்று ஒரு பெயர் இருப்பது கல்லூரிக்குப் போனபோதுதான் தெரிந்தது. உடனே தொளதொள பனியன், தலைகீழாகப் போட்ட தொப்பி, கழுத்தில் சங்கிலி எல்லாம் மாட்டிக்கொண்டு மேடையேறி, கூட்டத்தை முறைத்தபடி பாடினேன். என் கோபம் அசல் கோபம். ஆனால் ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. வாயால் தாளம் போட்டுக் காட்டினால், "உங்க பையன் வாயிலயே வண்டி ஓட்டறானுங்க" என்று சொந்தக்காரர்கள் அப்பாவிடம் துக்கம் விசாரித்தார்கள்.

சிரிக்கிற ஊரோடு எதற்கு வம்பு என்று காமெடிக்கே மாறிவிட்டேன். கல்யாண வரவேற்புகளில் மைக்கைப் பிடித்து, மாப்பிள்ளை வீட்டாரையும் பெண் வீட்டாரையும் எதுகை மோனையோடு வாரிவிட்டேன். அது சென்னையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. சினிமாவில் எனக்குக் கதாநாயகனின் நண்பன் வேலை. அவன் காதலிப்பான், நான் அடி வாங்குவேன். ஒரு படத்தில் கழுதை மேலிருந்து சாணியில் விழுந்தேன். அந்தத் துண்டு எல்லோருடைய செல்போனுக்கும் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு நான் எந்த ஊருக்குப் போனாலும் அந்தக் கழுதை எனக்கு முன்னால் போய் நின்றது.

அப்படிப்பட்டவனை நம்பி ஓர் இயக்குநர் அழுகைப் படத்தில் வேடம் கொடுத்தார். பாதிப் படத்தில் நான் செத்துப்போவேன். வாசலில் கிடத்தியிருக்கும் என் முகத்தைப் பார்த்து ஊரே அழும். அந்தக் காட்சி மட்டும் ஜனங்கள் மனதில் நின்றுவிட்டால் என்னை நடிகன் என்று ஒப்புக்கொள்வார்கள், இல்லாவிட்டால் ஆயுசு முழுக்கச் சாணிதான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. முந்தின வாரமே கண்ணாடி முன்னால் படுத்துப் பிணமாகப் பழகினேன். கண்ணை மூடினால் கண்ணாடி தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

படப்பிடிப்பு புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில். அழுவதற்கு அந்த ஊர்ப் பெண்களையே வரச் சொல்லியிருந்தார்கள். அது என் அத்தை வாழ்க்கைப்பட்ட ஊர். அப்பாவின் தங்கையான அவர், கூப்பிடாமலே முதல் ஆளாக வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார். "ஏஞ்சாமி, சோறு தின்னியா?" என்று கேட்டார். மூக்கில் பஞ்சு வைத்து, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசை ஒட்டியிருந்த நேரம் அது. நான் கண்ணை மூடியபடி தலையாட்டினேன்.

முதல் டேக்கில் பெண்கள் நன்றாகவே ஆரம்பித்தார்கள். பாதி ஒப்பாரியில் ஒரு குரல், "ஏனுங்கக்கா, கழுதை மேல இருந்து உழுந்த ஆளு இவருதானுங்க?" என்றது. மொத்த இழவு வீடும் சிரித்தது. அடுத்த டேக்கில் அவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள், என்னால் முடியவில்லை. வயிறு குலுங்கி, மூக்குப் பஞ்சு ஒன்று பறந்துபோய் ஒரு பெரியம்மா மடியில் விழுந்தது.

இயக்குநர் என் காதருகே குனிந்தார். "பிரதர், வெளிச்சம் போகுது. இன்னொரு தடவை யாராவது சிரிச்சா உங்க முகத்தைத் துணி போட்டு மூடிட்டு எடுத்துடுவேன்" என்றார். முகம் இல்லாத பிணத்துக்கு நான் எதற்கு, ஒரு தலையணை போதுமே. அத்தை அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

கேமரா ஓடியதும் அத்தை மார்பில் அடித்துக்கொண்டு தானே ஒப்பாரியை எடுத்தார்.

"லாரி ஓட்டச் சொன்னாங்க, லைசென்சு நீ எடுக்கலையே,
ஊருக்கெல்லாம் பாட்டுப் படிச்ச, ஒருத்தருக்கும் வெளங்கலையே..."

அடப்பாவி அத்தை. என் ராப்பைப் பற்றி வந்த விமர்சனங்களிலேயே இதுதான் சுருக்கமானது, தாளமும் தப்பவில்லை. கன்னத்தை உள்ளுக்குள் கடித்துக்கொண்டு கிடந்தேன். இவர் எனக்கு எதிராகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அப்போது குரல் இறங்கியது.

"பொட்டியில வந்தாரு, பூட்டி வெச்சுக் குடுத்தாங்க,
மொகம் பாத்து அழுகோணும், மூடி தொறக்க உடலையே..."

அது என் மாமா, அத்தையின் கணவர். போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போனவர், அங்கேயே விபத்தில் இறந்து, சீல் வைத்த பெட்டியில் திரும்பி வந்தார். பார்க்கிற நிலையில் முகம் இல்லை என்று பெட்டியைத் திறக்காமலே எடுத்துவிட்டோம். அன்றைக்கு அத்தை ஒரு சொட்டுக்கூட அழவில்லை என்று சொந்தத்தில் இன்றும் பேசுவார்கள். இப்போது திறந்து கிடந்த என் முகத்தை இரண்டு கையாலும் தடவித் தடவி அவர் அழுதார். சுற்றியிருந்த பெண்களுக்கு எல்லாம் தெரியும். யாருக்கும் கிளிசரின் தேவைப்படவில்லை.

பிணம் சிரிக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அழக் கூடாது என்று யாரும் சொல்லித்தரவில்லை. என் கண்ணோரம் நீர் கசிந்துவிட்டது. அத்தை பாட்டை நிறுத்தாமலே, தன் கண்ணீர் அங்கே சிந்திவிட்டது போல அதை முந்தானையால் துடைத்தார். இயக்குநர் ஓகே சொன்னார்.

"சார், கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு" என்றார் உதவி இயக்குநர். சாவுக் காட்சி முடிந்ததும் செத்தவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பலித்துவிடும் என்று சினிமாவில் ஒரு பயம். சாமி இல்லை என்று பேசுகிறவர்கள்கூட இதை மீற மாட்டார்கள். நான் எழுந்து உட்கார்ந்தேன். சிரிப்பு வரவில்லை. உதடு கோணிக்கொண்டு போனது, அவ்வளவுதான். காலையிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்த பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஆகாதுங்க சாமி. சிரிச்சுருங்க."

சிரித்தேன்.

"நல்லா, பல்லுத் தெரியச் சிரிங்க."

இன்னும் பெரிதாகச் சிரித்தேன். கேமராவை அணைத்துவிட்டார்கள். அத்தை கையை விடும்வரை நான் சிரித்துக்கொண்டே இருந்தேன்.