ஒரே துணியால் துடைத்த ஒன்பது தொட்டிகள்

ஒன்பது தொட்டிகள். ஒரு ரோஜா, ஒரு எலுமிச்சை, இரண்டு கத்தரி, மற்றதெல்லாம் மிளகாயும் அவரையும். மகளின் பிரசவத்துக்குக் கிளம்பிய நாத்தனார் அவற்றைத் தம்பி மனைவியான அவளுடைய வீட்டுப் பால்கனியில் இறக்கியபோது, இருவரும் முகம் கொடுத்துப் பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது. ஒரு கல்யாண வீட்டில் வாய் தவறி விழுந்த ஒரு சொல்லில் அறுந்த பேச்சு. இப்போது செடிகளை முன்னிட்டு ஒட்டியிருக்கிறது.

"தண்ணி மட்டும் ஊத்து. வேற ஒண்ணும் செய்ய வேணாம்" என்றுதான் நாத்தனார் சொன்னாள்.

கேட்டவளுக்குக் கை சும்மா இருக்காது. ஐம்பத்திரண்டு வயதில் பாதிக்கு மேல் ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்தே போயிருக்கிறது. விருந்தாளி கண்ணில் படாத தூசியும் அவள் கண்ணில் படும். அதனால் கத்தரி இலை மேல் மங்கலாக வெளுத்த புள்ளிகள் தெரிந்ததும், ரோட்டுத் தூசி என்றுதான் நினைத்தாள். ஈரத் துணியெடுத்துத் துடைத்தாள். மறுநாளும் துடைத்தாள். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் ஒன்பது தொட்டிக்கும் ஒரு சுற்று.

"உன் ஹோட்டல் மாதிரி செடிக்கும் பெட்ஷீட் மாத்துவியா?" என்று கேட்டார் கணவர். பஸ் டிரைவர், காலையிலேயே கிண்டல் ஆரம்பித்துவிடும்.

புள்ளிகள் குறையவில்லை. கத்தரியிலிருந்து ரோஜாவுக்கு, ரோஜாவிலிருந்து அவரைக்கு வந்தன. ஒரு கத்தரி இலையெல்லாம் பழுத்து, சருகாகித் தொங்கியது. காம்புகளுக்கு நடுவே மெல்லிய நூலாம்படை. ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் திரும்பி வருகிறாள் என்று போன் வந்தது. ஆறு வருடம் கழித்து நம்பி ஒப்படைத்ததை இப்படிப் பாழாக்கி நீட்டினால், அந்த வாய் இனிமேல் திறக்குமா?

நான்கு இலைகளைக் கிள்ளிக் கவரில் போட்டு, ஹோட்டல் தோட்டக்காரரிடம் காட்டினாள். அவர் கவரைத் திறக்கவேயில்லை.

"வெளியே எடுக்காதம்மா, இங்க பரவிடும். வீட்டுல வெள்ளைத் துணி மேல இலையைத் தட்டிப் பாரு. புள்ளி நடந்தா சிலந்திப் பேன், இலைச் சாறு உறிஞ்சுற பூச்சி. நடக்கலைன்னா தூசி."

வீட்டுக்கு வந்து வெள்ளைத் தலையணை உறையை விரித்து ரோஜா இலையைத் தட்டினாள். மிளகுப் பொடி தூவினது மாதிரி விழுந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். ஒரு புள்ளி நகர்ந்தது. பிறகு எல்லாமே நகர்ந்தன.

சிலந்திப் பேன். மறுநாள் தோட்டக்காரரிடம் ஓடினாள்.

"வெயில் அடிக்கிற காஞ்ச பால்கனியா? அது அதுங்களுக்குச் சொர்க்கம். சரி, எதால துடைச்ச?"

"துணியால."

"ஒவ்வொரு செடிக்கும் தனித் துணியா?"

"ஒரே துணி" என்றாள். ஒரு அறைத் துணி இன்னொரு அறைக்குப் போகக் கூடாது என்று புதிதாக வரும் பெண்களுக்குப் பாடம் எடுப்பவளே அவள்தான்.

விஷயத்தைக் கேட்ட கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நான் மனுஷனுக்கு பஸ் ஓட்டுறேன். நீ பேனுக்கு ஓட்டியிருக்க!"

"சிரிச்சது போதும், தொட்டியைத் தூக்குங்க."

அன்று சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் இருவரும் வேலையில் இறங்கினார்கள். நோய் கண்டதையும் காணாததையும் தள்ளித் தள்ளி வைத்தார்கள். செத்த கத்தரியைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டார்கள். மற்றவற்றைச் சாய்த்துப் பிடித்து, இலைகளின் அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள். பேன் குடியிருப்பது அங்கேதான். பிறகு, தோட்டக்காரர் சொன்னபடி சில சொட்டு சோப்பு கலந்த தண்ணீரை முதலில் ஒரே ஓர் இலையில் தெளித்துப் பார்த்து, அது கருகவில்லை என்றானதும் எல்லாவற்றுக்கும் அடித்தார்கள். முட்டை இதில் சாகாது. பொரிந்து வரும் குஞ்சுகளைக் கொல்ல, சில நாள் கழித்து இன்னொரு தடவை அடிக்க வேண்டும்.

மிச்சமிருந்த நாட்களில் அவள் தினமும் தலையணை உறையை விரித்தாள். புள்ளிகள் குறைந்தன, போகவில்லை. ரோஜா மொட்டையாகிவிட்டது.

"கடையில புது ரோஜா வாங்கி வெச்சுட்டா என்ன?" என்றார் கணவர்.

"உங்க அக்காவுக்குக் கண்ணு இல்லையா?"

சனிக்கிழமை அவளே போன் போட்டாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அந்தப் பக்கம் குழந்தை அழுதது.

"ரோஜா?" என்றாள் நாத்தனார் கடைசியில்.

"இலையெல்லாம் கொட்டிடுச்சு அண்ணி. தண்டு பச்சையா இருக்கு."

"தண்ணி மட்டும் ஊத்துன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"அந்தத் துணியைத் தூக்கிப் போட்டியா?"

"போட்டுட்டேன் அண்ணி."

"நான் வர்ற வரைக்கும் எதையும் துடைச்சுத் தொலைக்காத." போன் வைக்கப்பட்டது.

"திட்டினாளா?" என்றார் கணவர்.

"தெரியலைங்க" என்றாள். உண்மையிலேயே தெரியவில்லை.

நாத்தனாரின் ரயில் ஞாயிறு காலை வருகிறது. இரண்டாவது தெளிப்பு அன்று சாயங்காலம்.