ஜெயசிங் சார் அனுப்பிய நாற்பத்தொரு விநாடி

போன மாதம் ஒரு புதன்கிழமை. காலை ஏழு மணி எட்டு நிமிடத்துக்கு என் போனில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. நாற்பத்தொரு விநாடி. அனுப்பியவர் ஜெயசிங் சார். கேட்டேன். சிரித்தேன். ஒரு சிரிப்பு முகத்தைத் தட்டிவிட்டு இட்லி ஊற்றப் போய்விட்டேன்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது.

எங்களுக்கு ஒரு குரூப் உண்டு. ஜாஸ் கேட்பவர்கள், மொத்தம் ஏழு பேர். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஜாஸா என்று கேட்பீர்கள். ஏழு பேர் தேறினோம், எட்டாவது ஆள் இன்னும் கிடைக்கவில்லை. குரூப்பில் ஒரே விதிதான். அன்றன்று கேட்கும் ஆல்பத்தின் அட்டைப் படத்தைப் போட்டு, கூடவே இரண்டு வரி எழுத வேண்டும். குட்மார்னிங் ரோஜாப்பூவுக்கு அனுமதி இல்லை.

ஜெயசிங் சார் இரணியலில் தனியாக இருப்பவர். எழுபதைத் தாண்டியவர். கப்பலில் இன்ஜினியராக இருந்தபோது இறங்கிய துறைமுகத்திலெல்லாம் இசைத்தட்டு வாங்கிச் சேர்த்திருக்கிறார். மனைவி இல்லை. ஒரே மகள் தோஹாவில். நாங்கள் ஆறு பேரும் போனில் கேட்கிறவர்கள். இன்றைக்கும் தட்டைச் சுழலவிட்டு, ஊசி வைத்துக் கேட்பவர் அவர் ஒருவர்தான்.

அவருக்கு நேரெதிர் செல்வின். நாற்பது வயது. களியக்காவிளையில் டைல்ஸ் கடை. வாரத்துக்கு ஒரு புது நாட்டு இசைக்குழுவைக் கண்டுபிடித்துக்கொண்டு வருவான். இரண்டு பேருக்கும் குரூப்பில் எப்போதும் உரசல்தான்.

அந்த வாரம் உரசல் முற்றிவிட்டது. சார் ஞாயிறு, திங்கள், செவ்வாய் என மூன்று நாளும் ஒரே பழைய சாக்ஸபோன் ஆல்பத்தைப் போட்டிருந்தார். செவ்வாய்க்கிழமை செல்வின் எழுதினான்: 'சார், இதையெல்லாம் மியூசியத்துல வைக்கலாம். தட்டு தேஞ்சே போயிரும்.' சார் பதிலுக்கு, 'பிடிக்காட்டி கேக்கண்டாம்' என்று மட்டும் எழுதினார். நான்தான் குரூப் அட்மின். இரண்டு பேரையும் சமாதானப்படுத்தியிருக்கலாம். வேடிக்கை பார்த்தேன்.

புதன்கிழமை காலை ஆறு ஐம்பதுக்கு சார் மறுபடியும் அதே அட்டையைப் போட்டார். கீழே இரண்டு வரி: 'இன்றைக்கும் இதேதான். மியூசியம் திறந்திருக்கிறது.'

பதினெட்டு நிமிடம் கழித்து அந்த வாய்ஸ் மெசேஜ். அதில் பேச்சே இல்லை. சாக்ஸபோனில் நாலைந்து சுரம்; ஒரு 'டக்'; திரும்பவும் அதே நாலைந்து சுரம்; மறுபடி ஒரு 'டக்'. கடைசிவரை அவ்வளவுதான்.

தட்டு தேயும் என்று சொன்னவனுக்குத் தேய்ந்த தட்டையே அனுப்பிவிட்டார் என்று நினைத்தோம். நல்ல பதிலடி. ஐந்து சிரிப்பு முகங்கள் விழுந்தன. அதில் ஒன்று என்னுடையது. செல்வின் மட்டும் எதுவும் போடவில்லை.

எட்டே முக்கால் மணிக்கு வடசேரி மார்க்கெட்டில் இருந்தேன். காய் வாங்க வந்தவள், நடந்துகொண்டே இயர்போனை மாட்டி அந்த மெசேஜை மறுபடி கேட்டேன். வீட்டில் போனின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டபோது இல்லாத ஒன்று இப்போது கேட்டது. சாக்ஸபோனுக்கு அடியில் ஒரு மூச்சு. ரொம்பக் கிட்டத்தில், போனில் வாயை வைத்த மாதிரி. மூச்சுக்கு நடுவே 'அ... அ...' என்று ஒரு சத்தம். எதையோ சொல்ல ஆரம்பித்து, சொல்ல முடியாமல், திரும்பவும் ஆரம்பிக்கிற சத்தம்.

கத்தரிக்காய்க் கூடைகளுக்கு நடுவே அப்படியே நின்றுவிட்டேன்.

ஒருமுறை அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். காலிங் பெல்லை அடித்து ஐந்து நிமிடம் கழித்துத்தான் கதவு திறந்தது. ஊசியைத் தூக்கி, தட்டைத் துடைத்து, உறையில் போட்டுவிட்டு வந்தாராம். அப்படிப்பட்ட மனிதர் ஒரு பகடிக்காக நாற்பத்தொரு விநாடி ஊசியை ஒரே இடத்தில் குத்தவிடுவாரா?

போன் பண்ணினேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். மூன்றாவது தடவையும் எடுக்கவில்லை.

செல்வினைக் கூப்பிட்டேன்.

"அக்கா, அவரு கோவத்துல இருக்காரு. எனக்க மேல உள்ள கோவமாக்கும். உங்க போனையும் எடுக்கமாட்டாரு."

"அந்த மெசேஜை இயர்போன் போட்டுக் கேளு, மக்கா."

"கேட்டாச்சுக்கா. என்னைக் களியாக்கி, கிண்டலுக்கு அனுப்பினது."

"இன்னொருக்கா கேளு. பாட்டைக் கேக்காத. அதுக்கு அடியில கேளு."

போனை வைத்துவிட்டு ஓர் ஆட்டோவில் ஏறினேன். பார்வதிபுரம் தாண்டுவதற்குள் அவனே கூப்பிட்டான். குரல் மாறியிருந்தது.

"அக்கா, நான் வண்டிய எடுத்துட்டேன். நீங்க எங்க நிக்கியோ?"

"ஆட்டோல. அங்க போய் நின்னா அவரு சும்மா உக்காந்து காப்பி குடிச்சிட்டு இருப்பாரோ?"

"இருந்தா நல்லதுதானக்கா. நல்லா நாலு ஏச்சு கேட்டுட்டு வருவோம்."

அந்த முப்பத்தைந்து நிமிடப் பயணத்தில் எனக்கு இரண்டு பயம் இருந்தது. அவருக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்பது ஒன்று. ஒன்றுமே ஆகாமல், அசடு வழிய நிற்க வேண்டியிருக்குமோ என்பது இன்னொன்று. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பாதி வழிவரை இரண்டும் ஏறக்குறைய ஒரே எடையில்தான் இருந்தன. ஆட்டோக்காரரிடம் வேகமாகப் போகச் சொல்லக்கூட வாய் வரவில்லை. தக்கலையில் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றபோதுதான் சொன்னேன். "ஆளுக்கு ஏதோ ஆயிட்டுன்னு தோணுது அண்ணே." அவர் உடனே வண்டியை ஒரு சந்துக்குள் திருப்பினார்.

சார் வீட்டு வாசலில் செல்வினின் பைக் ஸ்டாண்டு போடாமல் சரிந்து கிடந்தது. மதில் ஏறிக் குதித்து, கேட்டை உள்ளிருந்து திறந்துவிட்டிருந்தான். சமையலறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே அந்தச் சத்தம். நாலைந்து சுரம், ஒரு 'டக்'. நாலைந்து சுரம், ஒரு 'டக்'. இரண்டரை மணி நேரமாக அது அப்படியே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

சார் தரையில் கிடந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கையும் காலும் அசையவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது, என்னைப் பார்த்தது. தலைமாட்டில் முட்டிபோட்டிருந்த செல்வின், "சார், நான் செல்வினாக்கும். ஆம்புலன்ஸ் வருது. நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகமாட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

நான் போய் ஊசியைத் தூக்கினேன். அந்த அமைதி, சத்தத்தைவிட மோசமாக இருந்தது.

ரேக்குக்கு அடியில் அவர் போன் கிடந்தது. கைக்கு எட்டாத தூரம். திரையில் என்னுடைய மூன்று மிஸ்டு கால். குரூப்பைத் திறந்தேன். நாற்பத்தொரு விநாடி. அதற்குக் கீழே ஐந்து சிரிப்பு.

பேசத்தான் பட்டனை அழுத்தியிருக்கிறார். வார்த்தை வரவில்லை. விரலை எடுத்ததும் அது தானாகப் போய்விட்டது.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது இதைத்தான். "கடைசியா எப்போ நல்லா இருந்தாரு? நேரம் சரியா தெரியணும். அதை வச்சுத்தான் ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி போடலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணணும்."

தனியாக இருக்கிற மனிதருக்கு யார் நேரம் சொல்வது? செல்வின் தன் போனை நீட்டினான். "ஆறு அம்பதுக்கு இதை டைப் பண்ணிருக்காரு டாக்டர். ஒரு எழுத்துப் பிழை கிடையாது. ஏழு எட்டுக்கு இது." அந்த வாய்ஸை ஓடவிட்டான். டாக்டர் குனிந்து முழுவதையும் கேட்டார். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தேகால். "நேரம் இருக்கு" என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போனார்.

மகளுக்கு நான்தான் போன் பண்ணினேன். அவள் அழுதுகொண்டே கேட்ட முதல் கேள்வி: "அப்பா யாருக்குமே போன் பண்ணலியா ஆன்ட்டி?" 'பண்ணினாரும்மா, நாங்கள்தான் சிரித்தோம்' என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

போனில் வருகிற எதையும் நாம் முதலில் நம்மைப் பற்றியதாகத்தான் எடுத்துக்கொள்கிறோம், இல்லையா? பதில் வராவிட்டால் நம்மேல் கோபம். சுருக்கமாக வந்தால் நம்மைக் குத்துகிறார்கள். எதிர்முனையில் இருப்பவருக்கு நம்மைத் தவிர வேறு கஷ்டமும் இருக்கலாம் என்பது, கடைசியாகத்தான் நமக்குத் தோன்றுகிறது.

நான்காம் நாள் சாரை வார்டுக்கு மாற்றினார்கள். கால் வந்துவிட்டது. கை இன்னும் தளர்ச்சிதான். பேச்சு, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே நம்மைக் காக்க வைக்கிறது. தோஹாவிலிருந்து வந்த மகள் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். செல்வின் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். கடையைத் திறக்காமல் நான்கு நாளாக அங்கேயேதான் இருந்தான். அவர்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டேன். "நாங்க சிரிச்சதைப் பாத்தீங்களா சார்?"

தலையை ஆட்டினார். போன் கைநழுவிப் போவதற்குள் பார்த்திருக்கிறார். செல்வின் குனிந்துகொண்டான்.

"பயம்... தோணல்ல" என்றார். ரொம்ப நேரம் எடுத்து மிச்சத்தைச் சொன்னார். "நீங்கல்லாம்... கேக்குற ஆளுவோ. ஒருத்தராவது... ரெண்டாவது தடவ... கேப்பியோன்னு... கிடந்தேன்."

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உண்மை என்னவென்றால், அன்றைக்கு வடசேரியில் பழைய ஆபீஸ் சிநேகிதி ஒருத்தி எதிரே வந்தாள். அவளிடம் பேச்சுக் கொடுக்காமல் தப்பிக்கத்தான் காதில் இயர்போனை மாட்டினேன். சாரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.