ஹல்டா அக்காவின் ஓட்டு

எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு ஓட்டு வேண்டுமென்றால் ஒன்று கன்னியாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புருஷன் சாக வேண்டும். நியூ ஜெர்சியின் மூலச்சட்டம் அப்படி. ஓரளவு சொத்து உள்ளவர் எவரும் ஓட்டுப் போடலாம். ஆணா பெண்ணா என்று அது கேட்கவில்லை. ஆனால் கல்யாணமானவளுக்கு ஏது சொத்து? அவள் இடுப்பில் இருக்கும் பாவாடைகூடப் புருஷனுடையது. அதனால் தேர்தல் நாளில் விதவைகள் வண்டி கட்டிக்கொண்டு போவார்கள். நான் அடுப்படியில் நின்று என் புருஷன் ஆப்ரமை முறைத்துக்கொண்டிருப்பேன்.

பக்கத்துத் தோட்டத்துக்காரி ஹல்டா அக்கா அப்படிப் போகிறவர்களில் ஒருத்தி. இங்கிலாந்து ராஜாவோடு நடந்த சண்டையில் அவள் புருஷன் முகாமில் காய்ச்சல் கண்டு செத்தான். பிள்ளை கிடையாது. ஆப்பிள் தோட்டத்தையும் சைடர் பானத்துக்குச் சாறு பிழியும் ஆலையையும் அவள் பெயருக்கே எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தான். அக்கா அந்த ஆலையைத் தனியாகவே ஓட்டினாள். அழுகின ஆப்பிளைக் கூடைக்கு அடியில் மறைத்துக் கொண்டுவருகிறவனை ஊர் கேட்கத் திட்டுவாள். அவளிடம் வேலை செய்யப் பயப்படுவார்கள், ஆனால் அவளிடம்தான் வேலைக்குப் போவார்கள்.

தேர்தல் நாளில் கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொள்வாள். ஓட்டுப் போட்டு முடிக்கும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. ஓட்டுப்பெட்டி வைப்பது எங்கள் ஊர்ச் சாராயக் கடையில்.

"கோயிலுக்குப் போறியா, சாராயக் கடைக்குப் போறியாக்கா?" என்று சீண்டுவேன்.

"சிரிடி, சிரி. ராஜாவோட கப்பல் கரையில வந்து நிக்கிறப்ப அவசர அவசரமா எழுதின சட்டம் அது. பயத்துல எழுதினாலும் எழுதினது எழுதினதுதான். ராஜா வேணாம், நம்மள நாமளே ஆளுவோம்னு சொன்னாங்க. அப்படின்னா ஆளப்படுறவங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தானே ஆளணும்? அதுக்குத்தான் என் புருஷன் செத்தான். என்னையும் கேக்கறாங்க. நான் பதில் சொல்லப் போறேன்."

இந்த ஓட்டுக்காக அவள் விட்டுக்கொடுத்தது கொஞ்சமில்லை. மாவு மில்காரர் கார்னீலியஸ் மனைவியை இழந்தவர், மரியாதையான மனுஷர். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்து அக்காவோடு ஆற்றங்கரை வரை நடந்து வருவார். அவர் வருகிற நாளில் அக்கா தலைக்குட்டையை இரண்டு முறை அவிழ்த்துக் கட்டுவாள். அவளுக்கு அவர்மேல் உயிர். ஒருநாள் என் வீட்டு மேசையில், நான் சுட்ட பணியாரத்தைத் தின்றுகொண்டே அவர் கேட்டுவிட்டார்.

அக்கா முகம் சிவந்தது. "கட்டிக்கிட்டா எனக்கு ஓட்டு இருக்குமா?" என்றாள்.

"உன்னைக் கேக்காம நான் போடுவேனா ஹல்டா? நீ சொல்ற ஆளுக்குத்தான் போடுவேன்."

"நான் சொல்லி நீங்க போட்டா அது உங்க ஓட்டுதான், மில்காரரே."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வந்ததே கோபம்! "ஒரு துண்டுக் காகிதத்துக்காகத் தங்கமான மனுஷனைத் துரத்திட்டியே! உனக்குப் பைத்தியமாக்கா?"

"எனக்கும் அழுகைதான்டி வருது, டார்கஸ்," என்றாள். "ஆனா அவர் உள்ள போய் ஓட்டுப் போட, நான் வண்டியில உக்காந்து குதிரைக்கு ஈ ஓட்டிக்கிட்டிருக்க என்னால முடியாது."

அப்புறம்தான் அந்த நீதிமன்றத் தேர்தல் வந்தது. மாவட்டத்துக்குப் புது நீதிமன்றம் கட்ட வேண்டும். எங்கள் ஊரிலா, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரிலா என்று ஓட்டுப் போட்டு முடிவு செய்யச் சொன்னார்கள். நீதிமன்றம் வந்தால் கடை வரும், வக்கீல் வருவான், நிலத்துக்கு விலை வரும். ஊருக்கே பேய் பிடித்துவிட்டது. காலையில் ஓட்டுப் போட்டவன் மத்தியானம் வேறு கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து மறுபடி போட்டான். மாற்றக் கோட்டு இல்லாமல் போனதும் வீட்டுப் பெண்களின் துணிப்பெட்டிகளைத் திறந்தார்கள்.

"ஏய், அது என் சாம்பல் பாவாடை!" என்று கத்தினேன்.

ஆப்ரம் அதற்குள் அதை இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்தான். "சட்டப்படி என் பாவாடைதானேடி? நீதானே சொல்லிச் சொல்லிப் புலம்புவே?"

"வெக்கமா இல்ல? ஹல்டாக்கா சாப்பிடாம போய் ஓட்டுப் போடுற இடத்துல வேஷம் கட்டிக்கிட்டுப் போறியே!"

"ஊருக்காகத்தான் போறேன். அவளும் இந்த ஊர்தானே?" தலைக்குட்டையை இழுத்து மூடிக்கொண்டு குலுக்கி நடந்து போனான். அவன் தம்பிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்றது ஹல்டா அக்கா. மேலே என் பாவாடை, கீழே சேறு படிந்த பூட்ஸ். வருஷா வருஷம் அவள் ஆலையில் வந்து மிதிக்கிற பூட்ஸ் அவளுக்குத் தெரியாதா? ஓட்டுப்பெட்டிக்குக் காவலாக அன்று உட்கார்ந்திருந்தவர் கார்னீலியஸ்.

"அந்தம்மாவுக்கு மீசை முளைச்சிருக்கு. பாக்கலியா?" என்று அக்கா கேட்டாளாம்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இன்னிக்கு ஒருநாள் கண்ணை மூடிக்க, ஹல்டா. ஊர் நல்லதுக்கு."

"கண்ணைத் திறந்துக்கிட்டு ஓட்டுப் போடணும்னுதான் உங்களையே வேணாம்னு சொன்னேன்," என்று சொல்லிவிட்டு, தன் ஓட்டைப் போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

எங்கள் ஊர் ஜெயித்தது. மணி அடித்து, தீ மூட்டி ஆடினார்கள். விழுந்த ஓட்டோ ஊரில் இருக்கிற ஆட்களைவிட அதிகம். எதிர்த் தரப்பு சும்மா இருக்குமா? மாநிலச் சட்டசபை வரைக்கும் போய்விட்டார்கள். தேர்தல் செல்லாது என்று தீர்ப்பானது. நடந்ததை விசாரிக்க ஒருவர் வந்தார். பொய் சொல்லாதவர் யார் என்று கேட்டதற்கு எல்லோரும் ஹல்டா அக்கா வீட்டைக் கைகாட்டினார்கள்.

நான் அப்போது கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளோடு ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா பைபிள்மேல் கை வைத்து ஒன்று விடாமல் சொன்னாள்.

"பாவாடைக்குள்ள இருந்தது யாரும்மா?" என்றார் அவர்.

அக்கா என்னைப் பார்த்தாள்.

"சொல்லுக்கா," என்றேன். "பேரைச் சொல்லு. கொஞ்ச நாள் ஜெயில்ல கிடந்தாத்தான் புத்தி வரும்."

அவள் என் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தாள். "உனக்கு அஞ்சு பிள்ளைங்க. கஞ்சி யாரு ஊத்துவா?" என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு அவரிடம் திரும்பினாள். "யாருன்னு தெரியும். ஆனா சொல்ல மாட்டேன்."

"அப்ப, பெண் உடுப்புல வந்து பலபேர் கள்ள ஓட்டுப் போட்டாங்கன்னு எழுதிக்கறேன்," என்று எழுதிக்கொண்டு எழுந்தார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்த இலையுதிர் காலத்தில் சபை கூடியது. பெண்கள் ஓட்டுப் போட வருவதால்தான் தேர்தல் நாறுகிறது என்று பேசினார்கள். பாவாடையைப் பற்றி வாய் கிழியப் பேசினார்கள், அதற்குள் இருந்த ஆண்களைப் பற்றி ஒரு பேச்சில்லை. இனி வரி கட்டுகிற வெள்ளை ஆண்களுக்கு மட்டுமே ஓட்டு என்று முடிவு செய்தார்கள். மூலச்சட்டத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. அதற்கு ஆதியிலிருந்தே பொருள் இதுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்த தேர்தலுக்கும் அக்கா கறுப்பு உடுப்பு போட்டாள், பட்டினி கிடந்தாள். நானும் அவள் வண்டியில் ஏறிக்கொண்டேன். சாராயக் கடை வாசலில் பீப்பாய் கட்டும் ஜூபா நின்றிருந்தான். அடிமையாகப் பிறந்து, உழைத்து, தன்னைத் தானே விலை கொடுத்து மீட்டவன். நிலமும் வாங்கி, எத்தனையோ வருஷம் ஓட்டுப் போட்டவன். கறுப்பன் என்று அவனையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"உள்ள போகாதீங்கம்மா. சிரிக்கறானுங்க," என்றான்.

அக்கா போனாள். கார்னீலியஸ் பெட்டியின் வாயைக் கையால் மூடிக்கொண்டார். அவர் சிரிக்கவில்லை, அந்த மட்டுக்கும் நல்ல மனுஷர்தான். "என் கையில இல்ல, ஹல்டா," என்றார்.

"உங்க கையிலதான் இருந்துச்சு," என்றாள் அக்கா. "அன்னிக்கு."

அவள் திரும்பும்போது உள்ளே வந்தவன் ஆப்ரம். பூட்ஸைத் துடைத்துக்கொண்டு, ஒற்றை ஆளாக, முறைப்படி ஓட்டுப் போட வந்திருந்தான். அவளுக்கு வழிவிட்டுத் தொப்பியைக்கூடத் தூக்கினான்.

வண்டி பாதி வழி வந்ததும், "பேரைச் சொல்லியிருக்கணும்டி," என்றாள் அக்கா. அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். அவள் கையிலிருந்த கடிவாளத்தை வாங்கி நான் வண்டியை ஓட்டினேன்.

அன்று மாலை ஆப்ரம் சாப்பிட உட்கார்ந்து, யாருக்கு ஓட்டுப் போட்டேன், ஏன் போட்டேன் என்று பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தான். அவன் முன்னால் வைத்த தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பன்றித் தொட்டியில் கொட்டினேன்.