பிரெஞ்சு ஹோட்டலில் பெண் பார்த்தோம்

போன சனிக்கிழமை மத்தியானம் பம்பாய்க் கோட்டைப் பக்கம் ஒரு பிரெஞ்சு ஹோட்டலுக்குப் போயிருந்தேன். சாப்பிட மட்டுமல்ல... பெண் பார்க்க.

பெண், என் மனைவியின் தங்கை எஸ்தர். ஆபீஸ் டைப்பிஸ்ட். மாப்பிள்ளை சாமுவேல், செம்பூரில் ஃபாக்டரி ஃபோர்மேன். "பஜ்ஜித் தட்டோடு வந்து நிற்க மாட்டேன்" என்று எஸ்தர் சொல்லிவிட்டாள். "அப்படியானால் வெளியே சாப்பிடலாமே" என்று அவர் சொல்லியனுப்பினார். ஃபாக்டரிக்கு வந்த வெளிநாட்டு எஞ்சினியர் ஒருவர் புகழ்ந்த இடமாம் இது. என் மனைவி கைக்குழந்தையோடு சுனாபட்டி வீட்டிலேயே தங்கிவிட, பெண் வீட்டுப் பெரியவர் பதவி எனக்கு!

மாப்பிள்ளை தரப்பில் அவர் அம்மா ஞானம்மாள். தாராவிக்காரர். வந்ததிலிருந்து நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருந்தார்.

பக்கத்திலேயே பெர்மிட் ரூம். பியானோ, சிரிப்பு, கண்ணாடிக் கிளாஸ்களின் சத்தம். இந்த ஊரில் குடிக்க பெர்மிட் வேண்டும். குடிக்காவிட்டால் உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் எழுதித் தரவேண்டும். அந்த நோயாளிகள் அத்தனை பேரும் தாளம் போட்டுக்கொண்டு வெகு ஆரோக்கியமாக இருந்தார்கள்.

மெனு முழுக்க பிரெஞ்சு. சாமுவேல் அதைப் படிப்பதுபோலவே வெகுநேரம் பார்த்தார். நானும்தான். எஸ்தர் வெயிட்டரைக் கூப்பிட்டு, எது நல்லதோ அதையே கொண்டுவரும்படி இந்தியில் சொல்லி முடித்துவிட்டாள்.

வெள்ளைக் குழம்பில் கோழி வந்தது. ஞானம்மாள் ஒரு வாய் வைத்தார்.

"ஒரு மொளகு கூடப் போடலயே. சீக்காளிக்கு வச்சதா?"

"சீக்காளிங்க எல்லாம் அடுத்த ரூம்ல இருக்காங்கம்மா" என்றேன்.

கடைசியில் ஒரு தள்ளுவண்டி வந்தது. ஆரஞ்சுச் சாற்றில் ஊறிய மெல்லிய தோசைகள். வெயிட்டர் ஏதோ பாட்டிலைச் சரித்தார், தீக்குச்சியைக் கிழித்தார் — குப்பென்று நீலத் தீ.

ஞானம்மாள் எழுந்தார். ஜாடித் தண்ணீர் அப்படியே தீயின்மேல் போனது, பாதி வெயிட்டர்மேல். "தள்ளி நில்லுங்க" என்று இரண்டு கையாலும் எங்களை மறித்துக்கொண்டு நின்றார்.

பியானோ நின்றது. பெர்மிட் ரூமே எட்டிப் பார்த்தது. அந்தப் பலகாரத்தைக் கொளுத்தித்தான் பரிமாறுவார்கள் என்று வெயிட்டர் சொட்டச் சொட்ட விளக்கினார்.

சாமுவேலின் முகம் சிவந்துவிட்டது. "எம்மா, மானத்த வாங்கிட்டியே. ஒக்காரு."

உட்கார்ந்தார். "எங்க பக்கம் ஒரு அடுப்புப் பொறில குடிச வரிசையே வெந்து போச்சு. தீயக் கண்டா கை சும்மா இருக்க மாட்டேங்கு" என்றார், மேஜையைப் பார்த்து.

எஸ்தர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு சாமுவேலைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"ஒங்கம்மா எந்திரிச்சாங்க. நீங்க ஏன் எந்திரிக்கல?"

போச்சு, சம்பந்தம் போச்சு என்று நினைத்தேன்.

சாமுவேல் கைத்துண்டை மடித்தார், பிரித்தார். "நெசமாவே தீப்பிடிச்சிட்டுன்னுதான் நானும் நெனச்சேன். கால் வரல" என்றார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "நான் பேசினது தப்பும்மா."

எஸ்தர் சிரித்துவிட்டாள். அடக்க அடக்க வரும் சிரிப்பு. அது சாமுவேலைத் தொற்றியது. ஞானம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பெர்மிட் ரூமில் ஒரு நோயாளி எழுந்து, அவரை நோக்கிக் கிளாஸை உயர்த்தினார். கைதட்டல். மறுபடி பியானோ.

அடுத்த தட்டு வந்தது. கொளுத்தலாமா என்று வெயிட்டர் ஞானம்மாளிடம்தான் உத்தரவு கேட்டார்.

"லகாவ் பையா" என்று இந்தியில் கொளுத்தச் சொன்னார் அவர். "நான் பாத்துக்கிடுதேன்."

மாப்பிள்ளையின் படிப்பு, சம்பளம், குடும்பம் எல்லாம் விசாரிக்கிறோம். பயந்தால் பயந்தேன் என்று ஒத்துக்கொள்வாரா? அதை யார் விசாரிக்கிறோம்?

திரும்பும் ரயிலில் எஸ்தரிடம் மெல்லக் கேட்டேன்: "மாப்பிள்ளை எப்படி?"

"பரவால்ல அத்தான், உள்ளதச் சொல்லுதாரு. ஆனா அத்தைய எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. சரின்னு சொல்லிருங்க."

பெண் பார்க்கும் வைபவத்தில் மாமியார் பார்த்துவிட்டு வந்தவள், இந்தப் பம்பாயிலேயே எங்கள் எஸ்தர் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.