ஓய்வுநாளில் எடுத்த போன்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இடது விலாவுக்குக் கீழே வலி வந்தது. அடுக்களையில் நின்றபடியே பிடித்துக்கொண்டேன். வாயு என்று நினைத்தேன்.

நான் குளச்சல்காரன். துபாயில் ஐசக் சார் வீட்டில் சமையல். சார் கொச்சி யூதர், வயதானவர். மலையாளம் கலந்த தமிழ் பேசுவார். வெள்ளி பொழுது சாய்ந்தால் சனி இருட்டும்வரை அவர்களுக்கு ஓய்வுநாள். சாரும் மேடமும் போனைத் தொடமாட்டார்கள். விளக்கைக்கூடப் போடமாட்டார்கள். பழைய ஏற்பாட்டில் படித்தது கண்ணெதிரே நடந்ததால் அந்த நாள்மேல் எனக்கு ஒரு பயம்.

கழிப்பறைக்குப் போய் வந்தாலும் சார் கை கழுவிவிட்டு நின்று ஒரு ஜெபம் சொல்வார். இதற்குமா என்று எனக்குள் சிரிப்பேன்.

வலி அடிவயிற்றுக்கு இறங்கியது. சிறுநீர் சிவப்பாகச் சொட்டியது. சொன்னால் சார் போனை எடுப்பார். என்னால் அவர் ஓய்வுநாள் கெடும். டாக்ஸி பிடித்துப் போனாலும் எங்கே என்று சார் கேட்பார். சனி இருட்டட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சனி மத்தியானம் குளிர் தூக்கிப் போட்டது. மேசையில் தட்டு வைக்கும்போது கை ஆடியது. சார் என் நெற்றியைத் தொட்டார்.

"எப்ப தொடங்கியது?"

"நேத்து, சார்."

"பின்ன ஏன் மிண்டாம, வாய் திறக்காம நின்னே?"

"ஓய்வுநாள்லா சார்."

"எடா, யூதன் நானோ நீயோ?"

அலமாரியைத் திறந்து போனை எடுத்தார். ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு என்கூட ஏறினார்.

"பாவம் இல்லியா சார்?"

"எடுக்காம இருந்தாத்தான் பாவம். கட்டளை தந்தது நாம பிழைக்கறதுக்காக்கும்."

யூரேட்டரில் (கிட்னியிலிருந்து மூத்திரப்பைக்கு இறங்கும் குழாய்) கல் அடைத்திருந்தது. மேலே சீழ் கட்டிவிட்டது. டாக்டர் இந்தியில் சொன்னார். இருட்டும்வரை காத்திருந்தால் கிட்னி போயிருக்கும், ஆளும் போயிருக்கலாம். உடனே ஸ்டென்ட் (அடைப்பைத் தாண்டி உள்ளே வைக்கும் மெல்லிய குழல்) வைத்தார்கள். கல்லைப் பிறகு எடுத்தார்கள்.

மூத்திரம் போகப் போட்டிருந்த டியூபை உருவிய அன்று, மத்தியானத்துக்குள் மூத்திரம் தானாக வராவிட்டால் திரும்பப் போட வேண்டும் என்றார்கள். வரவில்லை. நாகர்கோவில்காரி நர்ஸ் ஒருத்தி கழிப்பறைக் கதவுக்கு வெளியே நின்றாள்.

"அண்ணே, முக்காதீங்க. கல்லையே ஒளிச்சு வச்ச ஆளு, இதுக்கா பயப்படுதீங்க? தண்ணி பைப்பைத் திறந்து விடுங்க, சத்தம் கேட்டா வரும்."

திறந்தேன். வெகுநேரம் தண்ணீர் மட்டும்தான் ஓடியது. பிறகு எரிந்துகொண்டே வந்தது. சுவரைப் பிடித்தபடி அழுதேன்.

பார்க்க வந்த சாரிடம், கழிப்பறைக்குப் போய் வந்து சொல்லும் அந்த ஜெபத்துக்கு அர்த்தம் கேட்டேன்.

"உடம்புல துளையும் குழாயும் வச்சவனுக்கு நன்றி. திறக்க வேண்டியது அடைச்சா மனுஷன் நிக்க மாட்டான். அவ்வளவுதான்."

உங்களுக்கு இப்படி வலியோடு காய்ச்சலும் சேர்ந்தால் என்ன நாள் என்று பார்க்காதீர்கள். சொல்லிவிடுங்கள்.

இப்போதெல்லாம் வெள்ளி சாயங்காலம் ஓய்வுநாளைத் தொடங்க மேடம் மெழுகுவர்த்தி கொளுத்துமுன் சார் அடுக்களைக்கு வருகிறார்.

"எடா, எங்கேனும் வலி உண்டோ?"

முன்பென்றால் கேட்டு முடிக்குமுன் இல்லை என்பேன். இப்போது விலா, இடுப்பு, அடிவயிறு என்று நின்று கேட்டுப் பார்க்கிறேன். நேரம் ஆகிறது. தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மேடம் காத்திருக்கிறார்.