பிரிண்டரின் இலக்கம் எனக்கு மட்டும் தெரிந்திருந்த மூன்று வாரங்கள்

1. பெட்டி பிரித்த நாள்

பாரிஸில், ரூ காய் தெருவில் நான் வேலை செய்யும் உணவகத்தில் முப்பத்தாறு இருக்கைகள். சென்ற ஆண்டு வரை ஓடரைக் கொப்பியில் எழுதி, தாளைக் கிழித்து, சமையலறை ஜன்னலில் உள்ள கம்பியில் குத்திவிட்டு வருவோம். தாள் கறியில் விழும். கையெழுத்து விளங்கவில்லை என்று சத்தம் வரும். ஒருநாள் முதலாளி இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து கல்லா மேசையில் வைத்தார். ஒன்றில் ஓடர் எடுக்கும் தப்லெத், கையில் பிடிக்கும் தொடுதிரை. மற்றதில் துண்டு அடிக்கும் பிரிண்டர். மேசையருகே நின்று தப்லெத்தில் தொட்டால் சமையலறையில் துண்டு வெளியே வரவேண்டும்.

முதலாளியை நாங்கள் எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். அன்று அவர் இன்னொன்றும் சொன்னார். இந்த மெஷின் ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் பகல் பொறுப்புக்கு ஒரு ஆளைப் போடப் போகிறார். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. தப்லெத், பிரிண்டர், சாமான் வருவது எல்லாவற்றையும் அந்த ஆள் பார்க்கவேண்டும்.

எனக்கு அந்த நேரம்தான் தேவைப்பட்டது. சம்பளத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. என் மகளுக்கு இரண்டு வயது. நாங்கள் இருக்கும் புறநகர் லெ பிளாங்-மெனிலில் அவளை விடும் கிறெஷ், பிள்ளைகள் காப்பகம், ஆறரைக்கு மூடிவிடும். என் வேலை ஏழு மணிக்கு முடியும். கணவர் நாலு மணிக்கே வேலைக்குப் போய்விடுவார். எங்கள் கட்டடத்தில் இருந்த ஒரு அக்காதான் பிள்ளையைக் கூட்டிவந்து வைத்திருந்தார். அடுத்த மாதம் அவர் தூரத்திலுள்ள ஆர்ஜொந்தெய்க்கு வீடு மாறுகிறார். அதற்குப் பிறகு பிள்ளையை எடுக்க ஆளில்லை.

பகல் பொறுப்புக்குத் தகுந்தவர்கள் இரண்டு பேர். நான் ஒருத்தி. சிந்து மற்றவள். சிந்து பிரான்ஸிலேயே, ஆர்ஜொந்தெயில் பிறந்தவள், என்னைவிட ஏழு வயது இளையவள். தனக்கும் அந்த வேலை வேண்டும் என்று முதல் நாளே எல்லோர் முன்னாலும் சொன்னாள். நான் சொல்லவில்லை. மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

2. முதல் துண்டு

புத்தகத்தை வாசிப்பது என் பழக்கம். யாழ்ப்பாணத்தில் படித்த காலத்திலிருந்தே பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் குறிப்பு எழுதி, குறிப்புக்குக் கீழே திகதி போடுவேன். பிரிண்டரோடு வந்த பிரெஞ்சுப் புத்தகத்தையும் அப்படித்தான் ரயிலில் போகும்போதும் வரும்போதும் வாசித்தேன். தெரியாத சொற்களைப் போனில் பார்த்தேன். நாலு நாளில் முடித்தேன்.

காகிதச் சுருளைச் சரியான பக்கமாகப் போட்டது நான். வெப்பம் படும் பக்கம் மேலே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் துண்டு வெறுமையாக வரும். பிரிண்டரை வைஃபையில் சேர்த்தது நான். உணவுப் பட்டியலை ஏற்றியதும் நான். ஓரிடத்தில் மட்டும் கொம்பனிக்குப் போன் எடுக்கவேண்டி வந்தது. சொல்லவேண்டியதை ஒரு தாளில் எழுதிப் பழகிவிட்டுத்தான் எடுத்தேன். அங்கே இருந்தவர் மூன்று தடவை மன்னிக்கவும், திரும்பச் சொல்லுங்கள் என்றார். நாலாவது தடவைக்கு முன் போனைச் சிந்துவிடம் கொடுத்தேன். அவள் அவரோடு சிரித்துக் கதைத்தாள். இரண்டு நிமிடத்தில் விஷயம் முடிந்தது. அவள் சொன்னது என் தாளில் இருந்த அதே வசனம்தான்.

முதல் துண்டு வெளியே வந்தபோது தப்லெத் அவள் கையில் இருந்தது. அண்ணை சமையலறைக்குள்ளிருந்து துண்டோடு வந்தார்.

"பாத்தியளோ, எங்கட எஞ்சினியரை."

அவர் பார்த்தது சிந்துவை. நான் மேசை துடைத்தேன். அந்த மேசையை இரண்டாவது முறையாகத் துடைக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து அவளுடைய ஒவ்வொன்றும் எனக்கு உறுத்தியது. வாடிக்கையாளர்கள் அவளிடம் மட்டும் பெயர் கேட்பது. அண்ணையிடம் முடியாது என்று நேரே சொல்ல அவளுக்கு முடிவது. ஏழு மணிக்கு வேலை முடிந்த பிறகும் கதவடியில் நின்று ஆறுதலாகக் கதைப்பது. நான் ரயிலுக்கு ஓடிக்கொண்டிருப்பேன்.

3. அண்ணையின் விளக்கு

முதல் துண்டு வந்த மறுநாள் காலை பிரிண்டர் வேலை செய்யவில்லை. தப்லெத்தில் பிரிண்டர் இல்லை என்று வந்தது. நான்தான் கடை திறக்கிறவள். மற்றவர்கள் வர முக்கால் மணி நேரம் இருந்தது. பிரிண்டரின் பட்டனை அழுத்திப் பிடித்தபடி கரண்டைப் போட்டால் அது தன் விபரங்களைத் தானே ஒரு துண்டில் அடித்துத் தரும். அந்தத் துண்டைப் பார்த்தேன். முந்தின நாள் இருந்த இலக்கம் மாறியிருந்தது.

இதை இப்படி விளக்கலாம். வைஃபையில் சேரும் ஒவ்வொன்றுக்கும் இன்டர்நெட் பொக்ஸ் ஓர் இலக்கம் கொடுக்கும். தப்லெத் அந்த இலக்கத்தைத் தேடித்தான் ஓடரை அனுப்பும். பொக்ஸ் நின்று திரும்ப எழும்பினால் யார் முதலில் சேருகிறார்களோ அவர்களுக்கு முதல் இலக்கம். எங்கள் கடையில் கதவு திறந்ததும் முதலில் சேர்வது என்னுடைய போன்தான்; மற்றவை சேரும் வரிசை ஒவ்வொரு நாளும் மாறும்.

பொக்ஸ் ஏன் ஒவ்வொரு நாளும் நிற்கிறது என்பதையும் அன்றே கண்டுபிடித்தேன். கல்லாவுக்கு மேலே பிள்ளையார் படமும் பக்கத்தில் மடு மாதா படமும் இருக்கின்றன. மாதாவைக் கொண்டுவந்து வைத்தவர் சமையல் செய்யும் பெனடிக்ற் அண்ணை, மன்னார்க்காரர். இரண்டு படத்துக்கும் சேர்த்து ஒரு சிறிய மின்விளக்கு. கடை பூட்டும்போது அதை முதலாளி அண்ணை தன் கையாலேயே அணைப்பார். ஆளில்லாத கடையில் சாமி விளக்கு எரியக்கூடாது என்பது அவருடைய ஒழுங்கு. அந்த விளக்கின் வயரும் பொக்ஸின் வயரும் ஒரே மல்ரிபிளக்கில். அவர் அணைப்பது மல்ரிபிளக்கின் சுவிட்சை.

புதிய இலக்கத்தைத் தப்லெத்தில் மாற்றினேன். ஒரு நிமிட வேலை. பத்தரைக்கு எல்லோரும் வந்தபோது எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மாலை ரயிலில் புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். முப்பத்தோராம் பக்கத்தில் இதற்கு வழி இருந்தது. பிரிண்டருக்கு ஓர் இலக்கத்தை நிரந்தரமாகக் கொடுத்துவிட்டால் பொக்ஸ் எத்தனை தடவை நின்றாலும் மாறாது. ஓரத்தில் தமிழில் எழுதினேன்: "இலக்கத்தை நிரந்தரமாக்கினால் மாறாது. பத்து நிமிட வேலை. நாளை செய்யவேண்டும்." கீழே திகதி போட்டேன்.

அடுத்த நாள் செய்யவில்லை. ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் நேரமில்லை என்று சொல்லியிருப்பேன்.

4. புதன்கிழமைகள்

புதன்கிழமை எனக்கு லீவு. வியாழன் காலை வந்தபோது பெனடிக்ற் அண்ணை கோபமாக இருந்தார். முந்தின நாள் முழுக்கச் சிந்து கொப்பியில் எழுதி ஓடியிருக்கிறாள். கொம்பனிக்குப் போன் எடுத்தாளாம், எல்லாவற்றையும் நிறுத்திப் போடச் சொன்னார்களாம், சரிவரவில்லையாம். முதலாளி அண்ணை என்னைப் பார்த்துச் சொன்னார்:

"பிள்ளை, நீ இல்லாட்டி இந்த மெஷின் அசையாது போல கிடக்கு."

"மெஷினுக்கும் அக்காவிலதான் விருப்பம்" என்றாள் சிந்து.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணை சொன்ன அந்த ஒரு வசனத்துக்காக நான் மூன்று வாரம் முப்பத்தோராம் பக்கத்தைத் திறக்கவில்லை. ஒவ்வொரு காலையும் யாரும் வருமுன் இலக்கத்தை மாற்றினேன். மாற்றும்போது தெருப்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். புத்தகத்தைக் கல்லாவின் கீழ் இழுத்துத் திறக்கும் லாச்சியில் வைத்தேன். சிந்துவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதையும் யோசித்துத்தான் வைத்தேன் என்பதை இங்கே எழுதவேண்டும்.

பயமும் இருந்தது. நான் செய்வது பிழையா, இல்லையா? யாரும் என்னைக் கேட்கவில்லையே, கேட்டால் சொல்லமாட்டேனா? பிள்ளைக்காகத்தானே? இப்படி ரயிலில் எனக்கே பதில் சொல்லிக்கொண்டு வருவேன். ரயில் ட்ரான்சி நிலையத்துக்கு வரும்போது நான் செய்வது சரியாக இருக்கும். வீட்டுப் படியேறும்போது பிழையாகிவிடும்.

5. சனிக்கிழமை

மூன்றாவது புதனுக்குப் பிறகு வந்த சனிக்கிழமை காலை மகளுக்குக் காய்ச்சல். வரமுடியாது என்று அண்ணைக்குச் செய்தி அனுப்பிவிட்டு டொக்டரிடம் போனேன். சனி மதியம்தான் எங்கள் கடையில் அதிக சனம். வெளி ஊர்களிலிருந்து சாமான் வாங்க வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள்.

பன்னிரண்டேகாலுக்குப் போன் அடித்தது. சிந்து. பிள்ளை என் தோளில் நித்திரை. மற்றக் கை சும்மாதான் இருந்தது. நான் எடுக்கவில்லை. போன் நின்றது, திரும்ப அடித்தது. பிள்ளை எழும்பிவிடும் என்று எனக்கு நானே சொன்னேன். ஆனால் சத்தத்தை ஏற்கனவே அணைத்து வைத்திருந்தேன். உண்மையில் நான் காத்திருந்தேன். அங்கே எல்லாம் குழம்பட்டும், என்னுடைய அருமை அவர்களுக்குத் தெரியட்டும் என்று. நாலு தடவை அப்படியே விட்டேன்.

டொக்டர் பார்த்து முடிந்ததும் நானே எடுத்தேன். இன்னும் ஒரு மணி ஆகவில்லை.

"சிந்து, பிரிண்டரா? நான் சொல்லுறன், எழுது."

"அது முடிஞ்சுது அக்கா. நீங்கள் பிள்ளையைப் பாருங்கோ."

பின்னால் துண்டு வெட்டுப்படும் சத்தம் கேட்டது. ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தது.

6. முப்பத்தோராம் பக்கம்

திங்கட்கிழமை காலை பெனடிக்ற் அண்ணைதான் எனக்குச் சொன்னார். சனிக்கிழமை பதினைந்து ஓடர்கள் சமையலறைக்கு வரவே இல்லை. சனம் சத்தம் போட்டது. "துண்டு இல்லாம நான் என்ன, வாசம் பிடிச்சே கொத்து ரொட்டி போடுறது?" என்று அவர் வெளியே வந்திருக்கிறார். சிந்து லாச்சியைக் கிளறிப் புத்தகத்தை எடுத்து, பென்சில் எழுத்து இருந்த பக்கத்தை அவரிடம் நீட்டி, இதில் என்ன எழுதியிருக்கு என்று கேட்டிருக்கிறாள். அவர் வாசித்துக் காட்டினார். பக்கத்திலிருந்த பிரெஞ்சை அவள் வாசித்தாள். பத்து நிமிடத்தில் பிரிண்டர் ஓடத் தொடங்கியது.

"நல்ல வடிவான எழுத்து" என்றார் பெனடிக்ற் அண்ணை. வெங்காயம் வெட்டப் போனார்.

முதலாளி அண்ணை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். சனிக்கிழமை எப்படிச் சரிவந்தது என்று சிந்துவிடம் கேட்டார். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"அக்கா எழுதி வச்சிருந்தா. நான் அதைப் பாத்துச் செய்தன்."

அண்ணை தலையாட்டினார். தான் இல்லாத நேரத்திலும் வேலை நடக்க எழுதிவைக்கிற ஆள்தான் தனக்குப் பொறுப்புக்கு வேண்டும் என்றார். பகல் வேலை எனக்கு என்றார். நான் வாயைத் திறக்கவேண்டிய இடம் அது. கிறெஷின் கதவை நினைத்தேன். "ஓம் அண்ணை" என்றேன்.

ஒரு வாரம்தான் தாங்கினேன். அவள் மாலை வேலைக்கு மாறியிருந்தாள். ஐந்து மணிக்கு அவள் வரும்போது தப்லெத்தைக் கொடுத்தபடி சொன்னேன்: அந்த வழி எனக்கு முதலே தெரியும், வேண்டுமென்றேதான் செய்யாமல் விட்டேன்.

"தெரியும்" என்றாள். "எனக்குத் தமிழ்தான் வாசிக்கத் தெரியாது. திகதி வாசிப்பன்."

அந்தத் திகதிக்கும் அந்தச் சனிக்கிழமைக்கும் இடையில் அவள் கொப்பியோடு ஓடிய மூன்று புதன்கிழமைகள் இருந்தன.

ஏன் அண்ணையிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது என்றாள். "ஆனா சொல்லி எடுத்தா அந்த வேலை எனக்கு வந்ததா இருக்காது அக்கா. உங்களை விழுத்தி எடுத்ததா இருக்கும்."

வெட்கப்பட்டேன். ஆனால் அதற்கு முன், ஒரு கணம், பொறாமைதான் வந்தது. இப்படி ஒரு வசனம் எனக்கு வராதே என்று.

இப்போது பிரிண்டரின் அடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. நிரந்தர இலக்கம், செய்யவேண்டிய ஐந்து படி, கொம்பனியின் தொலைபேசி. இடது பக்கம் தமிழில் நான் எழுதியது, வலது பக்கம் பிரெஞ்சில் சிந்து எழுதியது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே பிரிண்டரைத் தூக்கி அதைக் காட்டுகிறேன். நான் வராத நாளில் அவர்களே அதைச் செய்துபார்க்கவும் விடுகிறேன். உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று உங்களைக் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். என்னை அது டொக்டரின் அறையில், காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, மற்றவர்கள் திண்டாடுவதற்காகக் காத்திருக்க வைத்தது.

குறிப்புக்குத் திகதி போடும் பழக்கத்தை நான் விடவில்லை. அந்தத் தாளிலும் போட்டிருக்கிறேன்.