கிளடிஸுக்குக் கேட்காத சத்தம்

கிளடிஸுக்குக் கார் இல்லையென்றால் வேலையும் இல்லை. வயது ஐம்பத்தெட்டு. வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிப்பது தொழில். விடிந்ததும் மோர்னிங்சைட்டிலுள்ள தன் வீட்டிலிருந்து புறப்பட்டு, ரூஜில் படுக்கையில் கிடக்கும் அருள்நாயகியைக் கழுவித் துடைத்து, உடுப்பு மாற்றி, கஞ்சி பருக்குவார். அருள்நாயகியின் மகள் பிரதீபா வேலைக்குப் போகுமுன் அங்கே நிற்கவேண்டும். அந்த நேரத்துக்குக் கொண்டுபோய் விடுகிற பஸ் கிடையாது. வேலைக்கு எடுத்தபோது ஏஜென்சி கேட்ட முதல் கேள்வியே, கார் இருக்கிறதா என்பதுதான்.

தை மாதத்தில், பழுதைக் காட்டும் எஞ்சின் லைற் எரிந்தது. வேலை முடிந்த கையோடு அன்புராசாவின் கராஜுக்குப் போனார். அன்புராசா கொம்பியூட்டரைப் பொருத்திப் பார்த்தார். எஞ்சினின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒன்றுக்கொன்று ஒத்து ஓடவில்லை என்றது அது. இரண்டையும் இணைத்து ஓடவைப்பது ரைமிங் செயின். அது தளர்ந்திருக்கலாம், சென்சர் பழுதாகவும் இருக்கலாம். பொனெற்றைத் திறந்து காதைக் கொடுத்தார். எஞ்சின் சீராக ஓடியது.

"கார் எல்லாம் எங்கட சனம் மாதிரித்தான் அக்கா. டொக்டருக்கு முன்னால வந்து குந்தினா ஒரு வருத்தமும் இராது."

"பகிடியை விட்டிட்டு வேலையைப் பாருமன்."

"காலமை முதல் ஸ்டார்ட் பண்ணேக்க, செயின் இழுபடுற மாதிரி கறகறவெண்டு சத்தம் கேக்குதோ? கொஞ்ச நேரம்தான் கேக்கும். ஒயில் ஏறினவுடன நிண்டிடும்."

"ஒரு சத்தமும் இல்லைத் தம்பி."

"ஒருக்கா இரவு விட்டிட்டுப் போங்கோவன். குளிரில கிடந்த எஞ்சினை நானே ஸ்டார்ட் பண்ணிப் பாக்கிறன்."

"விட்டிட்டு? விடிய அந்த மனிசியை ஆர் பாக்கிறது?"

அன்புராசா சென்சரையும் ஒயிலையும் மாற்றினார். லைற் அணைந்தது. மறு கிழமை மீண்டும் எரிந்தது. அடுத்த லீவில் விடுகிறேன் என்று கிளடிஸ் போனில் சொன்னார். லீவு வருமுன், ரூஜுக்குப் போகிற வழியில், கார் ஒருமுறை குலுங்கி நின்றது. திரும்பத் திரும்பத் திறப்பைத் திருகினார். எஞ்சின் பாரமே இல்லாததுபோல விசுக்கென்று சுற்றியது, பிடிக்கவில்லை.

இழுத்து வந்த காரை அன்புராசா அன்றே சோதித்தார். இரண்டு சிலிண்டர்களில் அமுக்கமே இல்லை. மூடியைக் கழற்றினால் செயின் தொய்ந்து கிடந்தது. அதைத் தாங்கும் பிளாஸ்ரிக் உடைந்து, துண்டு துண்டாக ஒயிலுக்குள் கிடந்தது.

"செயின் பல்லுத் தாண்டியிட்டுது அக்கா. வால்வெல்லாம் வளைஞ்சு போச்சு. இனி உந்த எஞ்சினைத் திருத்தேலாது." கையைத் துடைத்தபடி கேட்டார்: "உது ஒரு நாளில வந்த பழுதில்லை. கன நாளாச் சத்தம் போட்டிருக்கும். உண்மையா ஒண்டும் கேக்கேல்லையோ?"

"நான் குசினிக்குள்ள நிண்டெல்லோ ரிமோட்டை அமத்திக் காரை ஸ்டார்ட் பண்ணிறனான். தேத்தண்ணி குடிச்சு முடிய, சூடான காருக்குள்ள போய் ஏறுறன்."

அன்புராசா பொனெற்றை இறக்கி மூடினார்.

வீட்டுக்கு வந்தவர் பேஸ்மன்ற் கதவைத் தட்டினார். அங்கே வாடகைக்கு இருக்கும் பிரவீனன் பின்னேரம் வேலைக்குப் போகிறவன், காலையில் தூங்குகிறவன். அவனுடைய ஜன்னலுக்கு நேர் முன்னால்தான் கார் நிற்கும்.

"காலமையில கார் சத்தம் போட்டதோ?"

"ஓம் அன்ரி. ஒவ்வொரு நாளும். தகரத்துக்குள்ள சங்கிலியைப் போட்டு உலுப்பின மாதிரி. அதோடதான் நான் எழும்பிறது."

"ஏன் ஐயா ஒரு வார்த்தை சொல்லேல்லை?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "வந்த நாளே நீங்கள்தானே சொன்னனீங்கள், முந்தி இருந்த ஆக்கள் சத்தம் சத்தமெண்டு புறுபுறுத்ததால வீட்டை விட்டு எழுப்பினனெண்டு. எனக்கும் வேற இடமில்லை அன்ரி."

கிளடிஸ் படியேறினார்.

ஏஜென்சி காத்திருக்கவில்லை. கார் வைத்திருக்கிற அன்ரனெற் என்பவரை ரூஜுக்கு அனுப்பியது. கிளடிஸுக்கு பஸ் போகிற பாதையில் இரண்டு வீடுகள் மட்டும் கிடைத்தன, அதுவும் மத்தியானத்துக்குப் பிறகு. காலையில் குசினியில் சும்மா இருந்தார். ஒரு சனிக்கிழமை பொறுக்கமுடியாமல் பிரதீபாவுக்குப் போன் எடுத்தார்.

"அம்மா எப்பிடி இருக்கிறா?"

"முதல் ரெண்டு நாளும் உங்களைத்தான் தேடினவ அன்ரி. சாப்பிட மாட்டனெண்டு அழுதவ."

"இப்ப?"

"இப்ப பழகியிட்டா. அன்ரனெற் அக்காவை உங்கட பேர் சொல்லித்தான் கூப்பிடுறா."

"அப்ப சரி," என்றார் கிளடிஸ். "கஞ்சியை நல்லா ஆறவிட்டுக் குடுக்கச் சொல்லும்."